நான்காம் குழாயின் மேல்முனை

மார்ச் 4, புதன்

அக்காவுக்கு,

நீ என் எண்ணை ஃபோனில் தடுத்து வைத்து ஐந்து வாரமாகிறது. "உங்கிட்ட ஒரு முழு வாக்கியம் பேச முடியல, எழுதிக் குடு" என்று அத்தான் மூலமாகச் சொல்லி அனுப்பினாய். எழுதுகிறேன். வியாழக்கிழமைதோறும் நீ குடியிருக்கும் ஏரிக்கரைக்கு வரும் நம் ஆய்வு நிறுவனத்து வேன் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது பதிலைக் கொடு.

முதலில் சண்டை விஷயம். அன்று சாப்பாட்டு மேஜையில் உன் வேலையை "வீடு வீடாப் போய்க் கதை கேக்கற வேலை" என்று சொன்னது தப்பு. நாலு பேர் முன்னால் சொன்னது அதைவிடத் தப்பு. ஆனால் நான் சொன்னது பொய் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

இப்போது வேலை. கூட்டு ஆய்வறிக்கையில் பழைய தட்பவெப்பம் என் பகுதி, இன்றைய மக்களின் வாழ்நிலை உன் பகுதி. என்னுடையது முடிந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன், கொட்டாவி விடாதே. ஏரி நடுவே படகிலிருந்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து மீட்டர் சேற்றை ஐந்து குழாயில் எடுத்தோம். நீயும் வந்தாய், மழையில் நனைந்து என்னைத் திட்டினாய். குழாயை நெடுக்காகப் பிளந்தால் வரிவரியாக இருக்கும். மழைக்காலத்து வெள்ளம் கொண்டுவரும் வெளுத்த மண் ஒரு வரி, மழை ஓய்ந்தபின் மெதுவாகப் படியும் கறுத்த மண் ஒரு வரி. இரண்டும் சேர்ந்தால் ஒரு வருஷம். வறட்சி வருஷங்கள் நூல் போல மெலிந்து உப்புப் பூத்திருக்கும். கரையில் ஆள் வாழ்ந்தால் அடுப்புக் கரியும், பயிர்களின் மகரந்தமும், சாணத்தில் வளரும் பூஞ்சையின் வித்தும் சேற்றில் இருக்கும்.

நான்காம் குழாயில்தான் சங்கதி. நாலு முறை நீண்ட வறட்சி. ஒவ்வொரு முறையும் வறட்சி முடிந்து, நல்ல மழை பெய்து, பதினோரு வருஷம் கழித்து மனிதர்கள் வந்திருக்கிறார்கள். தண்ணீர் வந்தது, ஆள் வந்தார்கள். சின்னப் பிள்ளைக்கும் புரியும். இதை வைத்துத்தான் அரசாங்கம் உங்கள் கரையில் இன்னும் இரண்டாயிரம் குடும்பங்களைக் குடியேற்றப் போகிறது.

உன் அட்டவணைகளில் நாற்பத்தொன்றாம் கேள்வி மட்டும் வெறுமையாக வந்திருக்கிறது. மறந்துவிட்டாயா, சோம்பலா? வியாழனுக்குள் வேண்டும்.

தம்பி


மார்ச் 12, வியாழன்

டேய் தம்பி,

உன் மன்னிப்பை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் அது மன்னிப்பு என்று தெரிந்தது. அத்தானிடம் காட்டினேன். "அவனுக்கு இதுவே அதிகம், வாங்கி வெச்சுக்கோ" என்றார். வாங்கி வைத்துக்கொண்டேன். ஃபோன் தடை இருக்கட்டும். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாதது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

நாற்பத்தொன்றை நான் மறக்கவில்லை. ஊரே அதற்குப் பதில் சொல்லவில்லை.

இங்கே 1,126 வீடுகள். என் ஒன்பது வருஷ வேலையில் இவ்வளவு நல்ல எண்களை எந்த ஊரிலும் எழுதியதில்லை. எல்லா வீட்டிலும் குழாய்த் தண்ணீர். குழந்தைகள் எடை சரி. வருமானம் ஏறுமுகம். ஏரி படித்துறையின் மேல்படியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நாற்பது கேள்விக்கும் வாய் ஓயாமல் பேசுகிறவர்கள், "இன்னும் அஞ்சு வருஷத்துல இந்த வீட்ல என்ன கட்டுவீங்க, யார் யார் இருப்பீங்க?" என்று கேட்டால் மட்டும் எங்கேயோ போய்விடுகிறார்கள். பயமில்லை, கோபமில்லை. இரும்புக் கடைக்காரரிடம் நடந்ததை அப்படியே தருகிறேன்.

"கடையைப் பெருசாக்கற எண்ணம் இருக்கா?"

"டீ சாப்பிடறீங்களா?"

"சாப்பிட்டாச்சு. கடையைப் பத்திக் கேட்டேன்."

"சக்கரை கம்மியாப் போடச் சொல்றேன்."

அவர் முதுகுக்குப் பின்னால் சிமென்ட் மூட்டைகள் அடுக்கியபடியே கல்லாகிவிட்டன. ஆணி விற்று மூன்று மாதமாம். உடைந்த ஜன்னலுக்கு எல்லோரும் அட்டை ஒட்டியிருக்கிறார்கள், கண்ணாடி போடவில்லை. பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பிள்ளையைக்கூடச் சேர்க்கவில்லை. தலைமையாசிரியையிடம் கேட்டேன். "நாள் இருக்கே" என்றார். நாள் போன மாதமே முடிந்துவிட்டது.

இனி உன் வேலைக்கு வருகிறேன், கோபப்படாதே. உன் வரைபடத்தைப் பார்த்தேன். ஒரு வருஷம் கரித்துகள் பூஜ்யம். அடுத்த வருஷம் முந்நூற்று எண்பது. அப்புறம் நூறு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒன்றுமில்லாமல் போகிறது. நாலு தடவையும் அதே கதை. ஊர் அப்படி வராதுடா. முதலில் ஒருத்தன் வந்து கொட்டகை போடுவான். அவன் மச்சான் வருவான். அப்புறம் ஒரு டீக்கடை. அரசாங்கம் கட்டிக் கொடுத்தால் தவிர, முழு ஊர் ஒரே வருஷத்தில் முளைக்காது. உன் வரைபடம் எனக்கு ஓர் ஊர் வளர்ந்த கதையைப் பின்பக்கத்திலிருந்து படிப்பதுபோல இருக்கிறது.

குழாயை நேராகத்தானே வைத்தாய்?

அக்கா


மார்ச் 18, புதன்

அக்காவுக்கு,

"மண்ணைப் பற்றி உனக்கு என்ன தெரியும்" என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிறதா? தெரியட்டும்.

குழாய் தலைகீழாக இருக்க வாய்ப்பே இல்லை. மேல்முனைக்குச் சிவப்பு மூடி, அடிமுனைக்குக் கறுப்பு மூடி. ஐந்து குழாயிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆறு வருஷமாக இதே வேலையைச் செய்கிறேன். ஊர் எப்படி வரும் என்று நீ சொல்வதெல்லாம் இன்றைய ஊர்களின் கதை. அந்தக் காலத்துக்காரர்கள் உன் படிவத்தை நிரப்பிவிட்டு வந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அட்டவணையை அனுப்பு.

மார்ச் 19, வியாழன் காலை

வேன் கிளம்ப இருபது நிமிஷம் இருக்கிறது. மேலே எழுதியதைக் கிழித்துப் போட நேரமில்லை, அதனால் இருக்கட்டும்.

உன் கேள்வி உறுத்தியது. குழாயை எடுத்து வைத்துப் பார்த்தேன். வெள்ளத்து மண் தண்ணீரில் இறங்கும்போது பருமணல் முதலில் படியும், நைஸ் மண் அதன் மேல் படியும். ஒவ்வொரு வெளுத்த வரியிலும் அடியில் பருமணல் இருக்க வேண்டும். நான்காம் குழாயில் மேலே இருக்கிறது. ஒரு வரியில் இல்லை, எல்லா வரியிலும். மூன்றாம் குழாயின் அடியோடு வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. திருப்பி வைத்தேன். பூட்டும் சாவியும் மாதிரி பொருந்துகிறது.

தலைகீழ்.

படகில் மூடி போட்டது நீ. இதைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

இப்போது கவனமாகப் படி. நேராக வைத்தால் கதை இது. ஊர் மெதுவாக நூறு வருஷம் வளர்கிறது. நல்ல மழை, ஏரி நிறைந்திருக்கிறது. ஒரே ஒரு வருஷத்தில் கரி நின்றுவிடுகிறது, பயிர் நின்றுவிடுகிறது, மாடுகள் இல்லை. எல்லாரும் போய்விட்டார்கள். மழை அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் குறையில்லாமல் பெய்கிறது. அதன் பிறகுதான் வறட்சி, ஐம்பது அறுபது வருஷத்துக்கு. பதினொன்று, பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று. நாலு முறை.

வறட்சி அவர்களை விரட்டவில்லை. வறட்சி வருவதற்கு முன்பே போனார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்பே யாருக்கு என்ன தெரியும்?

உன் ஊரில் ஆணி விற்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் பெண் வாலுவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வா. இந்த வேனிலேயே வா.

தம்பி


மார்ச் 26, வியாழன்

தம்பி,

மூடியைப் பற்றி இப்போதே பேசுவோம். நான்காம் குழாயில் மூடி மாறி இறுகிவிட்டது என்று படகிலேயே சொன்னேன். "பரவால்ல விடு, நான் நோட்ல எழுதிக்கறேன், நேரமாச்சு" என்று கத்தினது யார்? எழுதவும் செய்தாய், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். படகு நோட்டைப் புரட்டிப் பார், உன் கோழிக் கிறுக்கலிலேயே இருக்கும். எழுதுகிறவன் ஒருநாள் அதைப் படிக்கவும் வேண்டும் என்று உனக்கு யாரும் சொல்லித் தரவில்லையா?

சரி, சிரித்தாயிற்று.

நான் வரவில்லை. அத்தான் பம்ப் நிலையத்தை யாரிடம் கொடுத்துவிட்டு வருவார்? வாலுவுக்குத் தேர்வு நடக்கிறது. இருப்பதையெல்லாம் போட்டுக் கட்டிய வீடு இது. சேற்றில் நாலு கோடு பார்த்தேன், எழுந்து வா என்கிறாய். காரணம் கேட்டால் உன்னிடமே இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வாரம் ஏழு வீடுகளில் ஆள் இல்லை. பூட்டக்கூட இல்லை, கதவைச் சாத்தியிருக்கிறார்கள். எங்கள் விதிப்படி வேறு வேறு நாளில் மூன்று தடவை தட்டின பிறகுதான் "ஆள் இல்லை" என்று எழுதலாம். இரண்டு தடவை தட்டிவிட்டேன். ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரங்க எங்கம்மா போயிருக்காங்க?"

"எந்த வீடு?"

"இதோ, நீலக் கதவு."

அந்த அம்மா கதவை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். பதினெட்டு வருஷமாகப் பக்கத்து வீடு.

"ஆமா, நல்ல நீலம்" என்றார்.

இன்று காலை மூன்றாவது தடவை தட்டப் போனேன். துணிகள் கொடியிலேயே இருந்தன. அந்த அம்மா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. அதையும் தட்டிப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு இது முதல் தடவை என்று குறித்துக்கொண்டேன்.

அக்கா


ஏப்ரல் 1, புதன்

அக்காவுக்கு,

நோட்டில் இருக்கிறது. என் கையெழுத்துதான். இதற்கு மேல் இந்த விஷயத்தை நீ எடுக்கக் கூடாது.

துறைத்தலைவரிடம் போனேன். தப்பு என்னுடையது, அறிக்கையைத் திரும்ப வாங்குங்கள் என்றேன். என் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். "நல்ல மழை பெய்யறப்ப எதுக்கய்யா ஊரைக் காலி பண்ணுவாங்க? காரணத்தைக் கொண்டா, மாத்தறேன்" என்றார். காரணம் தேடினேன். வெள்ளம் வந்த தடம் இல்லை. ஊர் எரிந்த தடம் இல்லை. சண்டை என்றால் எரித்திருப்பார்கள். நோய் என்றால் நாலு தடவையும், அதுவும் வறட்சிக்குப் பதினோரு வருஷம் முன்னால் சொல்லிவைத்ததுபோலவா வரும்? ஒன்றுமில்லை. எழுந்தார்கள், போனார்கள். அவ்வளவுதான் சேறு சொல்கிறது.

இன்னொன்றும் சொல்கிறது. அவர்கள் போனபிறகு கரித்துகள் பூஜ்யம் என்று போட்டிருந்தேன் இல்லையா? முழுப் பூஜ்யம் இல்லை. நுண்ணோக்கியில் வைக்கும் ஒரு கண்ணாடிச் சில்லுக்கு மூன்று, நான்கு துகள். எங்கள் ஆய்வகத்துத் தூசி என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். இப்போது திரும்ப அளந்து பார்த்தேன். பெரிய துகள்கள். காற்று இவ்வளவு பெரிய கரியைத் தூரத்திலிருந்து தூக்கி வராது. கரையிலேயே எரிந்தது. ஓர் அடுப்பு, ஒரே ஓர் அடுப்பு, பதினோரு வருஷமும் எரிந்திருக்கிறது. வறட்சி தொடங்கும் வரியில் நின்றுவிடுகிறது. இதுவும் நாலு முறை.

ஊர் முழுக்கப் போகிறது. ஒரு வீடு மட்டும் தங்கிவிடுகிறது. அந்த வீடு என்ன ஆனது என்று சேற்றில் இல்லை.

அது உன் வீடாக இருக்கக் கூடாது. பம்ப் கிடக்கட்டும். தேர்வு கிடக்கட்டும். உன் அசட்டுப் பிடிவாதத்தைக் கட்டி வைத்துவிட்டு வா.

தம்பி


ஏப்ரல் 9, வியாழன்

தம்பி,

இப்போது தொள்ளாயிரத்துச் சொச்சம் வீடுகளில் ஆள் இல்லை.

யாரும் அழுதுகொண்டு போகவில்லை. மூட்டை முடிச்சோடு தெருவில் நின்ற ஒரு குடும்பத்தைக்கூட நான் பார்க்கவில்லை. நான் பார்க்கிறபோது இருக்கிறார்கள். அடுத்த தடவை தட்டும்போது இல்லை. உச்சி வெயிலில் முதல் தெருவிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் செருப்புச் சத்தம் எனக்கு முன்னால் போய் முனையில் திரும்பி வருகிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. குழாய்கள் இறுக்கி மூடியிருக்கின்றன. வாளிகள் கழுவிக் கவிழ்த்திருக்கின்றன. ஒரு வீட்டில் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி அதன் கீழேயே வைத்திருந்தார்கள், பத்திரமாக.

அத்தான் தினமும் ஆறு மணிக்குப் போய் மூன்று பம்பையும் ஓட்டுகிறார். தொட்டி நிரம்பி வழிந்து தண்ணீர் திரும்ப ஏரிக்கே போகிறது. "யாருக்குங்க ஓட்டறீங்க?" என்று கேட்டேன். "நிறுத்தச் சொல்லி இன்னும் எழுத்துல வரலையே" என்றார். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் சிரித்திருப்பேன்.

நீ கூப்பிடக் கூப்பிட எனக்கு இங்கேயே இருக்கத் தோன்றுகிறது. அது உன் ராசி. ஆனால் அதுமட்டும் காரணமில்லை. 1,126 வீட்டுக்கும் நான் பொறுப்பு. மூன்று தடவை தட்டாமல் ஒரு வீட்டையும் "ஆள் இல்லை" என்று எழுத என் கை வராது. அப்படி எழுதிவிட்டால் அந்த எண்ணை வைத்துத்தான் புதிதாக இரண்டாயிரம் குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். வீடு காலியாக இருக்கிறதே என்பார்கள். ஏன் காலியாச்சு என்று கேட்க ஓர் ஆளாவது கையில் படிவத்தோடு இருக்க வேண்டாமா?

நேற்று எங்கள் வீட்டுப் படிவத்தை நிரப்பினேன். விதிப்படி வேறொருவர் நிரப்ப வேண்டும், வேறொருவர் இல்லை. அத்தானை நாற்காலியில் உட்கார வைத்து வரிசையாகக் கேட்டேன். நாற்பது கேள்விக்கும் கேலி செய்துகொண்டே பதில் சொன்னார். நாற்பத்தொன்றைக் கேட்டேன். ஜன்னலைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். அப்புறம் நானும் எதைக் கேட்டேன் என்பது மறந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாலு வந்து தோளைத் தொட்டபோது டீ ஆறி ஏடு படிந்திருந்தது.

அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 15, புதன்

அக்காவுக்கு,

போதும். நாளை வேனில் நானே வருகிறேன். துறைத்தலைவரிடம் சொல்லவில்லை. நீ வராவிட்டால் தூக்கி வண்டியில் போடுவேன், அத்தானையும் சேர்த்து. இந்தக் கடிதத்தை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை, உனக்கு முன்னால் நானே வந்துவிடுவேன். கையில் கொடுக்கிறேன்.

எங்கேயும் போய்விடாதே.

தம்பி


ஏப்ரல் 17, வெள்ளி

தம்பிக்கு,

ஃபோன் தடையை எடுத்துவிட்டு உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை; அதனால் இதை ஆய்வகத்து முகவரிக்குத் தபாலில் போடுகிறேன். நீ அங்கே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போடுகிறேன்.

நாங்கள் செவ்வாய்க்கிழமை காலை கிளம்பிவிட்டோம். கிளம்புவது என்று யாரும் சொல்லவில்லை. அத்தான் பம்பை நிறுத்திவிட்டு வந்து கை கழுவினார். நான் வாளியைக் கவிழ்த்தேன். வாலு செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். நெடுஞ்சாலை வரை நடந்தோம், பேருந்து வந்தது, ஏறினோம். பேருந்தில் முக்கால்வாசி தூரம் வந்தபிறகுதான் அத்தான், "நாம எங்க போறோம்?" என்று கேட்டார். நான் டிக்கெட்டை எடுத்துப் படித்துத்தான் ஊர்ப் பேரைச் சொன்னேன்.

உன் ஏப்ரல் முதல் தேதிக் கடிதம் என் பையில் ஒட்டியபடியே கிடந்தது. தம்பி, நான் அதைப் பிரிக்கவே இல்லை. இங்கே வந்துதான் படித்தேன். அந்த ஓர் அடுப்பைப் பற்றி இன்றுதான் எனக்குத் தெரியும். அதனால் நீ சொல்லி நான் வந்தேன் என்று நினைத்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாதே. எதனால் வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது நாங்கள் இருப்பது இந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இரண்டு அறையில். நேற்று அத்தானுக்கு முடி வெட்டப் போனால், கத்தரியோடு நிற்பவர் நம் ஏரிக்கரை முடிதிருத்துபவர்! அவர் கடைக் கண்ணாடியில் ஏற்கெனவே அவர் பேர் எழுதியிருந்தது. "ஏன் வந்துட்டீங்க?" என்று கேட்டேன். "ஏன்னு கேக்கறீங்களே" என்று ரொம்ப நேரம் யோசித்தார். அதற்குள் அத்தானின் ஒரு பக்கம் ஒட்ட வெட்டிவிட்டார்.

நாங்கள் பத்திரம். நீ ஏரிக்கரைக்குப் போகாதே. நான் இல்லாத வீட்டில் உனக்கு என்ன வேலை?

அக்கா


ஏப்ரல் 30, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆய்வகத்திலிருந்து போன வாரம் வேனில் அனுப்பிவைத்தார்கள். நீ பத்திரமாக இருப்பது தெரிந்து நிம்மதி. வாலுவுக்கும் அத்தானுக்கும் என் அன்பு.

நான் வந்த அன்று உன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, பக்கத்தில் எங்காவது படிவத்தோடு போயிருப்பாய் என்று தெருத்தெருவாகத் தேடினேன். நீ எப்படித் தேடுவாயோ அப்படி, முதல் தெருவிலிருந்து. சாயங்காலம் வேன் கிளம்பும்போது பாதி ஊர்கூட முடியவில்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் உன் கடிதம் வந்தது. நீ இங்கே இல்லை என்று தெரிந்துவிட்டது. தேட இனி ஒன்றுமில்லை. ஓட்டுநர் ஹார்ன் அடித்தார். அப்போது ஏரிப்பக்கத்து வரிசையில் நான் பார்க்காத ஒரு வீடு இருந்தது நினைவுக்கு வந்தது. அதையும் பார்த்துவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

ஏரி எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. மேல்படியில் உட்கார்ந்தால் தண்ணீர் விரலைத் தொடுகிறது. காலையில் அடுப்பு மூட்டினால் புகை நேரே மேலே போய், பிறகு தண்ணீர் மேல் சாய்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் தவறு புரிந்தது. உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

அந்த ஓர் அடுப்பு, போகாமல் தங்கிய வீட்டுடையது என்று எழுதியிருந்தேன் இல்லையா? அது சரியில்லை. தங்கியிருந்த குடும்பம் என்றால் ஒரு துண்டு நிலத்திலாவது பயிர் வைத்திருப்பார்கள், ஒரு மாடாவது இருந்திருக்கும். அந்தப் பதினோரு வருஷத்து வரிகளிலும் பயிர் மகரந்தம் இல்லை, சாணத்து வித்து இல்லை. வெறும் அடுப்பு மட்டும். நிலம் இல்லாத, மாடு இல்லாத, வெளியிலிருந்து வந்த ஒருவன். ஊர் போனபிறகு, போனவர்களைத் தேடி வந்தவன்.

எளிமையான விஷயம். நாலு முறையும் யாரோ ஒருவர் வந்திருக்கிறார்கள். தரவு முழுமையாகப் பொருந்துகிறது. துறைத்தலைவருக்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம், அவசரமில்லை.

வேனில் கொஞ்சம் டீத்தூள் அனுப்பினால் நன்றாக இருக்கும்.

தம்பி


மே 6, புதன்

தம்பி,

இன்று காலை வேன் ஓட்டுநர் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "உங்க தம்பி என்னை உக்காரச் சொன்னார்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆறு வருஷமாக உன்னிடம் திட்டு வாங்குகிற மனுஷன். தண்ணீர் வாங்கிக் குடித்தபிறகுதான் மீதியைச் சொன்னார். "பெட்டியை எடுத்துட்டு ஏறுங்கன்னேன். வரேன் வரேன்னு சொல்லிட்டு ஏரியைப் பாத்துக்கிட்டே இருந்தார். நான் கூட அரை மணி நேரம் உக்காந்துட்டேம்மா, ஏன்னு தெரியல."

நான் பையை எடுத்தேன். செருப்பைப் போட்டேன். அத்தானும் சட்டையை மாட்டிக்கொண்டார். வேன் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தபிறகு உன் வரி ஞாபகம் வந்தது. போனவர்களைத் தேடி வந்தவன். காலை இறக்கினேன். அத்தான் "என்னாச்சு?" என்றார். "நாம போனா நாமளும் தேடி வந்தவங்கதானே?" என்றேன். அவர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் உன்னைத் தேடி வரமாட்டேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இன்று பகல் முழுவதும் ஆனது. நீ எட்டு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்திலிருந்து நகராதவள் நான். இப்போது எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிற உன்னிடம் வரமாட்டேன் என்று எழுதுகிறேன். நீ என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது. பழையபடி அசடு, பிடிவாதம், கதை கேட்கிறவள் என்று எழுது. அதற்காகவே காத்திருப்பேன்.

காரணம் எதுவும் சொல்லப் போவதில்லை. நீயும் எனக்குக் காரணம் எழுதாதே. உன் காரணம் எல்லாம் இப்போது ரொம்பச் சரியாக இருக்கிறது, அதைப் படித்துத்தான் பயந்தேன். டீத்தூள் அனுப்பவில்லை. அரிசி, தீப்பெட்டி, எதையும் யாரும் அனுப்பமாட்டார்கள், எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

நாளை பதினோரு மணிக்கு வேன் நீ இருக்கும் வீட்டு வாசலில் நிற்கும். என்ஜினை அணைக்கக் கூடாது, கீழே இறங்கக் கூடாது, நீ உட்காரச் சொன்னால் காது கேட்காததுபோல இருக்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். பத்து நிமிஷம் நிற்பார். அடுத்த வியாழனும் வருவார், அதற்கடுத்த வியாழனும் வருவார், நான் உயிரோடு இருக்கிற எல்லா வியாழனும் அனுப்புவேன்.

அடுப்பில் எது இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு ஏறு.

அக்கா